உன் அறையில் ஒரு தையல் மிஷின்

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சேதாரமில்லாமல் இருக்கிறோம். கூரையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சௌக்கியம்தானே. முதலில் முக்கியமான செய்தி. இனி வீட்டுக்குள் செருப்போடு நடக்கலாம் என்று உன் அம்மா தீர்மானித்திருக்கிறாள். கல்யாணமான நாள் முதல் அமலில் இருந்த சட்டம், என்னைக் கலந்துகொள்ளாமலே திருத்தப்பட்டுவிட்டது. தரையெங்கும் புயலன்று கடல் கொண்டுவந்து போட்ட சேறும் கண்ணாடிச் சில்லும் இதற்கு உதவியிருக்கலாம்.

எதிர்வீட்டுத் தையல்காரம்மாவுக்கு இப்போது நாலு சுவரும் வானமும்தான் வீடு. புயல் கூரையை மொத்தமாக எடுத்துக்கொண்டது. அவரையும் அவருடைய மிஷினையும் மாடியில் உன் அறையில் குடிவைத்திருக்கிறோம். வெளியூரில் இருக்கும் அவருடைய அண்ணன் தினமும் போன் செய்து, எல்லாவற்றையும் ஏறக்கட்டிவிட்டு வந்துவிடு என்கிறார். போனால் மிச்ச வாழ்க்கை அண்ணியின் அடுப்படியில்தான் என்பது தையல்காரம்மாவுக்குத் தெரியும். இங்கே இருக்கவும் கூச்சம். "எத்தனை நாளைக்குத்தான்க்கா உங்க வீட்ல சும்மா உக்காந்து சாப்பிடறது, நான் போயிடறேன்" என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். மறுநாளிலிருந்து நம் வீட்டில் துணிகள் கிழிய ஆரம்பித்தன. ஜன்னல் திரை, தலையணை உறை, கடைசியில் நான் ஓய்வுபெற்ற அன்று போட்டிருந்த சட்டை. எல்லாம் புயலில் கிழிந்ததாம். நான் ஆட்சேபித்தபோது, "அந்தச் சட்டைக்குள்ள உங்க தொப்பை போய் வருஷமாச்சு, பேசாம இருங்க" என்று பதில் வந்தது.

தையல்காரம்மா அந்தச் சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏன்க்கா, புயல் கத்தரிக்கோலோடயா வந்துச்சு?" என்று கேட்டார். "ஆமாடி, போகும்போது இங்கயே விட்டுட்டுப் போயிடுச்சு" என்றாள் உன் அம்மா, முகம் மாறாமல். இருவரும் சிரித்தார்கள். பிறகு தையல்காரம்மா அழுதார். பாவம் பார்த்துக் கிழித்ததைத் தைக்க மாட்டேன், நிஜக் கிழிசல் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நிஜக் கிழிசல் எங்கள் தலைக்கு மேலேயே படபடத்துக்கொண்டிருந்தது. தெருவில் மற்ற எல்லா வீட்டுக்கும் இப்போது தார்ப்பாய்தான் கூரை. அதையும் காற்று நார்நாராகக் கிழித்திருக்கிறது. எல்லோரும் கயிற்றால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தோமே தவிர, தைக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நம் தார்ப்பாயை இறக்கி மாடிக்குக் கொண்டுபோனேன். தையல்காரம்மா விரலால் தடவிப் பார்த்து, "இது கிழிசல்" என்றார். தடித்த ஊசியாகத் தேடி மாட்டினார். அன்று சாயங்காலமே படகு மெக்கானிக் தன் கூரையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இப்போது நம் மாடிப்படியில் கூரைகள் வரிசையில் நிற்கின்றன.

நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. நான் போனை எடுக்காவிட்டால் சார்ஜ் இல்லை என்று நினைத்துக்கொள், வேறெதையும் நினைக்காதே. மெழுகுவர்த்தி இருப்பது போதும், அனுப்புவதானால் கெட்டி நூல் அனுப்பு.

ஞாயிற்றுக்கிழமை தையல்காரம்மாவின் அண்ணன் தங்கையை அழைத்துப்போக வேனோடு வந்தார். வரிசையில் நின்றவர்கள் அவரையும் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார்கள். இருட்டுவதற்குள் வேன் காலியாகத் திரும்பிப் போனது.

அன்புடன்,
அப்பா