சாலையைப் பார்த்து நின்ற செருப்புகள்

அலென்தெஜு, போர்ச்சுகல்
சனிக்கிழமை மாலை

உன்னதியின் அப்பாவுக்கு, தேவகலா வணக்கத்துடன் எழுதுவது.

நான் நலம். அத்தையின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மழை நிற்கும்வரை மேட்டு வயலுக்குப் போக வேண்டாமென்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனை எடுத்தால் உன்னதி உங்கள் மடியில் ஏறி என் முகத்தையே பார்க்கிறாள். அவள் எதிரில் இதைச் சொல்ல என்னால் ஆகாது. எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். அங்கே இப்போது அவள் தூங்கியிருப்பாள். முழுதும் படியுங்கள், பாதியில் என்னைக் கூப்பிடாதீர்கள். கூப்பிட வேண்டியது உங்கள் தம்பியை.

வேலை எப்போதும்போலத்தான். பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வெயில் அப்படியே வேகவைக்கிறது. நாங்கள் பறிக்கும் ராஸ்பெர்ரிப் பழத்துக்குக் குளிரூட்டிய வண்டி உண்டு, எங்கள் எல்லாருக்கும் சேர்த்து மேல்மாடியில் ஒரே ஜன்னல் உள்ள ஒரு வீடு. அதைப் பிடித்துக் கொடுத்தவர் நம் ஊர் லோகேந்திர அண்ணன். வெள்ளைக்காரன் ஒருவன் நம்மை இப்படி அடைத்திருந்தால் கொடி பிடித்திருப்போம். நம் ஆள் அடைத்ததால் தசைன் பண்டிகைக்கு அவர் காலில் விழுந்து திலகம் வாங்குகிறோம்.

கீழ்வீட்டு ஓதெட் அம்மாளைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். கீரை சூப் வைத்தால் ஒரு சட்டி மேலே வரும். நான் புளிக்கவைத்துக் காயவைத்த கீரையை, நம் குந்த்ருக்கைக் கொடுத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "செத்த எலிய ஊறுகா போட்டியாடி?" என்பார். மறுநாளே கிண்ணத்தை நீட்டி, "அந்த எலி இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்பார். சின்ன வயதில் அப்பா அம்மாவோடு பிரான்சில் தகரக் கொட்டகையில் இருந்தவர். பள்ளிக்கூடத்தில் அவர் காலிலிருந்த சேற்றைக் காட்டிப் பிள்ளைகள் சிரிப்பார்களாம். அதனால்தான் எங்கள் செருப்புகளை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

பிரச்சினை அந்தச் செருப்பில்தான் ஆரம்பித்தது. வீட்டுக்குள் செருப்போடு போகிற வழக்கம் நமக்கு ஏது? பூட்ஸையும் செருப்பையும் கழற்றிப் படிக்கட்டில் விடுவோம். எங்கள் வாசலிலிருந்து ஓதெட் அம்மாள் கதவுவரைக்கும் வரிசையாகக் கிடக்கும். லோகேந்திர அண்ணன் பல தடவை கத்தினார்: "உள்ள எடுத்து வைங்கடா. நகராட்சிக்காரன் வந்தா தலைய எண்ண மாட்டான், செருப்பத்தான் எண்ணுவான்." உள்ளே எங்கே வைப்பது? சமைக்கிற இடத்திலா, சாமி படத்துக்குக் கீழேயா?

போன மாதம் யாரோ படியேறி வந்து அதைப் படம் பிடித்துப் போனார்கள். ஊர் முழுக்க எல்லார் போனிலும் அந்தப் படம். அடியில் எழுதியிருந்ததை ஓதெட் அம்மாளிடம் காட்டிக் கேட்டேன். கண்ணாடி இல்லை, படிக்க முடியவில்லை என்றார். கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது.

போன ஞாயிறு காலையில் கதவைத் திறந்தால் படிக்கட்டு காலி. இறங்கிப் பார்த்தோம். எல்லாச் செருப்பும் தெருவோரம் ஜோடி ஜோடியாக, ஒழுங்காக நின்றன. மூக்கெல்லாம் ஊரைவிட்டு வெளியே போகிற சாலையைப் பார்த்து. ஒரு சத்தமும் இல்லாமல், எங்கள் கதவுக்கு வெளியிலேயே நின்று, ஒவ்வொன்றாக எடுத்துப் போயிருக்கிறார்கள்.

உங்கள் தம்பி கேசர் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அண்ணி, மாப்பிள்ளைச் செருப்ப ஒளிச்சு வெச்சிருக்காங்க! இத்தன வருஷத்துக்கு அப்புறம் இந்த ஊரு நம்மகிட்ட விளையாடுது" என்றான். நம் கல்யாணத்தில் என் தங்கைகள் உங்கள் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அவன்தானே பேரம் பேசினான்? அதே நினைப்பு. வேண்டாமென்று சொல்லி முடிப்பதற்குள், முதல்நாள் நான் அரிசி மாவில் வளையம் வளையமாகச் சுட்ட செல் ரொட்டியைத் தட்டில் அடுக்கிக்கொண்டு எதிரிலுள்ள காப்பிக்கடைக்குள் போய்விட்டான்.

இங்கே வந்த பிறகு அவனுக்குப் பாஷை நன்றாக வந்துவிட்டது. வராமலிருந்திருக்கலாம். தட்டை மேசையில் வைத்துவிட்டு, "எங்க ஊர்ல பொண்ணோட தங்கச்சிங்கதான் மாப்பிள்ளை செருப்ப எடுப்பாங்க. எடுத்துட்டீங்கள்ல, இனி நாம சம்பந்தி. சொல்லுங்க, யார் வீட்டுப் பொண்ணு எனக்கு?" என்று கேட்டான்.

பின்னாலேயே ஓடிய நான் கடை வாசலில் நின்று பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் திட்டவும் இல்லை. ஓதெட் அம்மாளின் மகன் தொஸே ஒரு ரொட்டியை எடுத்தான், விரலில் மாட்டிச் சுற்றினான், தரையில் போட்டு மிதித்தான். பிறகு, "எந்தப் பொண்ணுன்னு பார்த்து வெச்சிருக்கியா?" என்று மெதுவாகக் கேட்டான். அப்போதும் கேசர் சிரித்துக்கொண்டே நின்றான்.

அதன்பிறகு வெளிப்படையாக ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ரொட்டி வண்டி எங்கள் வாசலில் நிற்பதில்லை. கேசர் நடந்தால் காப்பிக்கடையில் பேச்சு நின்றுவிடுகிறது. புதன்கிழமை அவன் சைக்கிளின் பிரேக் கம்பி அறுந்து கிடந்தது. துருப்பிடித்து அறுந்ததென்று அவன் சொல்கிறான். நான் பார்த்தேன், வெட்டு பளபளவென்றிருந்தது.

நேற்று ஓதெட் அம்மாள் சூப் சட்டியோடு படியேறி வந்தார். உள்ளே வரவில்லை. என் கையைப் பிடித்து, "அந்தப் பையன எங்கயாவது அனுப்பிடு. நாளான்னிக்குத் திருவிழா. எல்லாரும் குடிச்சிருப்பாங்க, வேட்டுச் சத்தத்துல எதுவும் காதுல விழாது" என்றார். யார், என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்டேன். "கேக்காத. நான் பெத்தவ" என்றார். சட்டியை வாசலில் வைத்துவிட்டு இறங்கிவிட்டார்.

போலீசுக்குப் போகலாமென்றேன். லோகேந்திர அண்ணன் சீறினார்: "போ. நாளைக்கு எல்லாரும் தெருவுலதான் படுக்கணும். சும்மா கெடந்த சங்க இவன் ஊதினதுக்கு நான் வீட்ட இழக்கணுமா?" மாதாமாதம் எங்கள் சம்பளத்தில் பிடிக்கிறவர் எங்கள் உயிருக்கு வைத்திருக்கிற மதிப்பு அவ்வளவுதான்.

லிஸ்பனில் என் தோழி பூல்மாயா இருக்கிறாள், இன்றிரவே பேருந்து ஏறு என்று கேசரிடம் கெஞ்சினேன். "ஓடினா தப்பு பண்ணவன்னு ஆயிடும் அண்ணி. உங்கள இங்க தனியா விட்டுட்டுப் போனேன்னு அண்ணன்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சுச் சொல்றது?" என்கிறான். அவன் வேறொரு திட்டம் வைத்திருக்கிறான். நாளை ஊர்வலத்தில் மாதா சிலை காப்பிக்கடை முன்னால் நிற்குமாம். எல்லார் எதிரிலும் மறுபடி செல் ரொட்டித் தட்டோடு போய் மன்னிப்புக் கேட்பானாம். சாமிக்கு முன்னால் யார் கை ஓங்குவார்கள் என்கிறான். உங்கள் அம்மா வளர்த்த பிள்ளை, அப்படித்தான் நினைப்பான்.

இனி நம் விஷயம். உங்களுக்கும் குழந்தைக்கும் விசா வந்துவிட்டதென்று நீங்கள் சொன்னபோது அழுதேனே, அது சந்தோஷம்தான், சந்தேகப்படாதீர்கள். ஆனால் டிக்கெட் எடுக்க வேண்டாம். உன்னதியிடம், இங்கே வேலை அதிகம், அம்மாவுக்கு லீவு இல்லை என்று ஏதாவது சொல்லுங்கள். அவள் செருப்பும் அந்தப் படிக்கட்டில் கிடக்க வேண்டாம்.

கேசரிடம் அண்ணனாகக் கெஞ்ச வேண்டாம், கட்டளை போடுங்கள். அப்பா இருந்தால் எப்படிச் சொல்லியிருப்பாரோ அப்படி. கிளம்பினால்தான் நீ என் தம்பி என்று சொல்லுங்கள். என்னைப் பற்றிக் கேட்டால், நானும் கூடவே போகிறேன் என்று சொல்லுங்கள், பை கட்டிவிட்டேன். பேருந்து ஒன்பதுக்கு.

நாளைய தட்டுக்கு அரிசி மாவு வாங்கப் போயிருக்கிறான். கடை தெருமுனையில்தான். இதை எழுத உட்கார்ந்தபோது போனவன், இன்னும் வரவில்லை. வெளியே வேட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள்.

அத்தைக்கு ஒன்றும் சொல்லாதீர்கள். குழந்தையை என் பேரைச் சொல்லி ஒருமுறை முத்தமிடுங்கள். உடனே அவனைக் கூப்பிடுங்கள். முதல் மணியிலேயே எடுக்க வேண்டுமென்று கும்பிட்டுக்கொண்டு கூப்பிடுங்கள்.

உங்கள்
தேவகலா