மே மாதத்தில் வாங்கிய மனை

இன்று காலை முதல் தெரு முழுக்க பிளீச்சிங் பவுடர் வாசனை. மூக்கில் ஏறியதும் உன் நினைப்புத்தான் வந்தது. தண்ணீர் வடிந்த மறுநாள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் பன்னீர் தெளிப்பவன்போல் இதை வாசல் வாசலாக வீசிக்கொண்டு போவாயே, அந்த நினைப்பு. இந்த முறை தண்ணீர் வடிந்து மூன்று வாரம் கழித்துத்தான் கார்ப்பரேஷன் ஆள் வந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு தூவிவிட்டுப் போனான். எல்லா வீட்டு மெத்தையும் இன்னும் வெயிலில் கிடக்கிறது. உன் வீட்டு சோபாவை நானும் என் மனைவி ஸ்டெல்லாவும்தான் வெளியே இழுத்துப் போட்டோம். உன் தெல்மா ஒருத்தியால் அது முடிகிற காரியமா?

நீ கண்ணை மூடியபின் வந்த போன மழைக்காலத்தில் தண்ணீர் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. இந்த வருஷம் உள்ளே வந்து தங்கிவிட்டது. தெல்மா எங்கள் மாடியில் இருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து உங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நாம் மனை பார்க்கப் போனது மே மாதம். அதுதான் நம் தலையெழுத்து. மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் சுவருக்குச் சுவர் ஒட்டி வளர்ந்தவர்கள், ரிட்டயர் ஆனபிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டோம். எனக்கு லாலாகுடா ஒர்க்‌ஷாப், உனக்குக் குஷாய்குடா பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை. இரண்டு பக்கமும் போய்வரத் தோதான இடம் என்று உன் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனாய். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கரிசல் மண், நடுவில் ஒரு எருமை. நான் சந்தேகப்பட்டுக் கேட்டேன். "செருவு காது சார், பொலம்" என்றான் புரோக்கர் தெலுங்கில். ஏரி இல்லையாம், வயலாம். நீ அந்த எருமையைக் காட்டி, "அதுவே வந்து நிக்குது, நமக்கென்னடா?" என்றாய். எருமை தண்ணீரைத் தேடி வந்து நின்றது என்று நம் இருவருக்குமே தோன்றவில்லை. மே மாதத்தில் பார்த்தால் எந்த ஏரியும் நல்ல மனைதான்.

கட்டி முடித்ததும் ஃபாதர் வந்து இரண்டு வீட்டையும் ஒரே நாளில் மந்திரித்தார். அவர் தெளித்த தண்ணீர் போதாதென்று அடுத்த ஆகஸ்டில் வானமே தெளித்துவிட்டது என்று நீ ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தாய். முழங்காலளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன்பிறகு நாம் செய்ததையெல்லாம் நினைத்தால் அலுப்பாக இருக்கிறது. மொரம் என்கிற சரளை மண்ணை லாரி லாரியாக அடித்துத் தரையை உயர்த்தினோம். நாம் உயர்த்தியதும் பின்தெருவுக்குத் தண்ணீர் போனது. அவர்கள் உயர்த்தினார்கள், நமக்குத் திரும்பி வந்தது. நடுவில் ரோடு போடுகிறவர்கள் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோட்டைப் போட்டுக்கொண்டே போனார்கள். படியேறிப் போன வீட்டுக்குள் படியிறங்கிப் போக ஆரம்பித்தோம். மறுபடியும் மொரம். ஸ்டெல்லா ஸ்டூல் போடாமலே மின்விசிறியைத் துடைக்கும் அளவுக்குக் கூரை தாழ்ந்து வந்துவிட்டது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நாம் பிசகவில்லை. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவர் வைக்கவில்லை. உயர்த்தினால் இருவரும் ஒரே நாளில், ஒரே அளவு. "உன் வீடு ஒரு சாண் ஏறினா என் வீட்டுல ஒரு சாண் தண்ணிடா" என்பாய். ஊரெல்லாம் பக்கத்து வீட்டைப் பார்த்து மண்ணடித்தபோது நாம் சேர்ந்து அடித்தோம். சேர்ந்தே நனைந்தோம் என்பது வேறு.

விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று ஒவ்வொரு மழைக்கும் பிறகு நான்தான் சொல்வேன். நீ பிடிகொடுக்க மாட்டாய். "நக்கோ, வேணாம்டா. தண்ணி வர்றது நாலு நாளு. மீதி நாளெல்லாம் இந்த ஊருதான் சோறு போடுது. பஸ், ஆஸ்பத்திரி, கோவில் எல்லாம் கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. மேட்டுக்குப் போனா பொணத்தைத் தூக்கக்கூட ஆள் வராது" என்பாய். அது முட்டாள்தனம் என்று சண்டை போட்டேன். ஆனால் உன் விஷயத்தில் நீ சொன்னதுதான் நடந்தது. போன வருஷம் பிப்ரவரியில், மழையே இல்லாத ஒரு பகலில், உனக்கு நெஞ்சு வலித்தபோது தெருவே ஓடிவந்தது. அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு உன் வீட்டிலும் என் வீட்டிலும் உட்கார இடம் போதவில்லை. இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது? நஷ்டக் கணக்கை யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம், இந்த மாதிரி வரவுக்குத்தான் எனக்கு வழி தெரியவில்லை.

என் மகன் ராபின் அமெரிக்காவிலிருந்து ஒரு காரியம் செய்தான். வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிற ஆளை அனுப்பினான். ஹரியானாக்காரன். கார் டயர் மாற்றுவதுபோல் முழு வீட்டையும் தூக்கி, அடியில் புதுச் சுவர் எழுப்புவானாம். கீறல்கூட விழாதாம். சுற்றிச் சுற்றி அளந்தான். தூக்கிவிட்டுக் காம்பவுண்டு முழுக்க மண் நிரப்ப வேண்டும் என்றான்.

"அப்போ தண்ணி எங்கே போகும்?" என்று ஹிந்தியில் கேட்டேன்.

அவன் உன் வீட்டைக் கைகாட்டி, "பாஜூ மே ஜாயேகா, சாப்" என்றான். பக்கத்தில் போய்விடுமாம். அதிலென்ன சந்தேகம் என்ற முகத்தோடு சொன்னான்.

ராபினிடம் சொன்னேன். "டாடி, ஆன்ட்டி வீட்டையும் தூக்கிடலாம், ஹவ், சரிதான், ஆனா அது ரொம்பப் பழசு, தாங்காதுங்கறாங்க. உங்க வீட்டையாவது காப்பாத்துங்க" என்றான். அவன் சொன்னதில் தப்பு இல்லை. மகன் வேறென்ன சொல்வான்?

தெல்மாவிடம் எப்படிச் சொல்வதென்று தயங்கிக்கொண்டே போனேன். அவள் சுவரில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள்.

"தூக்கிக்கோங்க அண்ணே. தண்ணி வந்தா உங்க மாடிக்கு வந்துடுறேன். இப்ப என்ன புதுசா?"

அவ்வளவுதான் சொன்னாள். எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. அவள்மேல் இல்லை, உன்மேல். நடுவில் சுவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய். அந்த வெற்றிடத்தில் நின்று முடிவெடுக்க வேண்டியவன் நான்.

இன்னொரு வழியும் வந்திருக்கிறது. கார்ப்பரேஷன்காரர்கள் நாலா வாய்க்காலை அகலமாக்கி, அதையொட்டி மழைத்தண்ணீர் நிற்கக் கொஞ்சம் இடம் விடப் போகிறார்களாம். மனசார இடத்தைக் கொடுக்கிறவர்களுக்கு ஊரைத் தாண்டி மேட்டில் ஃப்ளாட். அங்கே பஸ் எப்போதாவதுதான் வருகிறது. ஆஸ்பத்திரியும் கோவிலும் தூரம். நீ சொன்ன அத்தனை குறையும் அப்படியே இருக்கிறது. தெருவில் பாதிப் பேர் மாட்டேன் என்கிறார்கள்.

ஜாக்கிக்காரனுக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டுத் தெல்மாவிடம் திரும்பிப் போனேன். "ரெண்டு வீட்டையும் குடுத்துடலாம்மா" என்றேன்.

"நம்ம ரெண்டு வீட்டைக் குடுத்தா ஏரி வந்துடுமா அண்ணே? மத்தவங்க குடுக்கணுமே."

"வராது."

"பின்ன கைக்கு? எதுக்காகக் குடுக்கணும்?"

"நம்ம ரெண்டு வீட்டுக்குள்ள வர்ற தண்ணியாவது இன்னொருத்தர் வீட்டுக்குப் போகாம இங்கயே நிக்கட்டும். எனக்கு இனிமே மண்ணடிக்கத் தெம்பில்ல தெல்மா" என்றேன்.

அவள் சுரண்டுவதை நிறுத்தினாள். கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். பிறகு, "அப்ப இந்தச் சுவரை எதுக்குச் சுத்தம் பண்றேன்?" என்று சிரித்தாள். அதன்பிறகுதான் அழுதாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டோம். ஃப்ளாட்டையும் போய்ப் பார்த்தோம். மூன்றாம் மாடி, அவள் வீடும் எங்கள் வீடும் எதிரெதிர் கதவு. தரை காய்ந்து, வெள்ளை டைல்ஸ் போட்டுப் பளபளவென்று இருக்கிறது. எவ்வளவு மழை பெய்தாலும் நிம்மதியாகத் தூங்கலாம். நான் இத்தனை வருஷமாகக் கேட்டது அதுதான், கிடைத்துவிட்டது. ஸ்டெல்லாவும் தெல்மாவும் அலமாரி எங்கே, கட்டில் எங்கே என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கூடத்தில் நின்றேன். எந்தக் கணக்கிலும் நான் சேர்க்காத ஒன்று அங்கேதான் உறைத்தது. இந்த வீட்டுக்குள் நீ ஒரு நாள்கூட வந்ததில்லை. உன் சத்தம் படாத சுவர்களுக்குள் இனி நான் குடியிருக்க வேண்டும். அங்கே உனக்கு வழி தெரியாது. நான்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.