ஏதென்ஸ் பேணி

இன்று சங்க அலுமாரியை ஒதுக்கும்போது உன் பிஸ்கட் பேணி கையில் பட்டது. மூடியைத் திறந்தேன். வெண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. உள்ளே உன் கையெழுத்தில் நாற்பது பெயர்ச் சீட்டுகள், மடித்தது மடித்தபடி.

பிரெஞ்சுப் புறநகர் வில்லியே லே பெல்லில் இருந்து ரயிலில் வரும்போதெல்லாம் பழைய கிரேக்கரைப் படிப்பாய். உணவகத்தில் கோப்பை கழுவுகிறவனுக்கு எதற்கு ஏதென்ஸ் என்று பகிடி பண்ணுவோம். அங்கே பதவிகளுக்குச் சீட்டுக் குலுக்கி ஆள் எடுத்தார்களாம். லா சப்பலில் நம் ஊர்ச் சங்கத்துக்கும் அப்படியே தலைவரை எடுப்போம் என்று இந்தப் பேணியைக் கொண்டுவந்து வைத்தாய்.

கிரேக்க ஞானிகள் எல்லோரும் இதை ஏற்கவில்லை என்று நீதான் எனக்குச் சொல்லியிருந்தாய். அதையே உனக்கு எதிராகத் திருப்பினேன். "கப்பலோட்டியைச் சீட்டுக் குலுக்கியே எடுக்கிறது?" என்றேன்.

"நீயோடா கப்பலோட்டி? நாங்கள் பொங்கலுக்கு மண்டபம் பிடிக்கிற ஆக்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுட்டது. கைதூக்கி வாக்கெடுத்தோம். பேணி அலுமாரிக்குள் போனது, தலைவர் கதிரை எனக்கு வந்தது.

தலைவர் பதவிக்கு மூன்றாம் தடவையும் நான் நின்றபோது நீ ஒருவன்தான் எழும்பினாய். "ஆளவும் தெரியவேணும், ஆளப்படவும் தெரியவேணும். ரெண்டு தடவை காணும், இறங்கு மச்சான்." மச்சான் என்றுதான் சொன்னாய். அது என் காதில் ஏறவில்லை. அடுத்த கூட்டத்திலேயே உறுப்பினர் பட்டியலில் உன் பெயரை வெட்டினேன். பிறகு ஒருநாள் மெட்ரோப் படியில் என்னைக் கண்டு நின்றாய். நான் தொலைபேசியைப் பார்த்தபடி இறங்கிப் போனேன்.

உன்னை எரிக்கும் முன் சங்கத்தின் சார்பில் இரங்கல் வாசித்தவன் நான். "எமது முன்னாள் உறுப்பினர்" என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல்லில் உன் மனைவி நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு என்ன வாசித்தேன் என்று எனக்குத் தெரியாது.

இன்று கூட்டத்தில் பதவியை விட்டேன். கதிரைக்கு ஒருவரும் முன்வரவில்லை. பேணியை மேசையில் வைத்தேன்.

"செத்த ஆக்களின்ரை சீட்டை வெளியிலை எடுத்துப்போட்டுக் குலுக்குவம், அண்ணை," என்றார் செயலாளர்.

அவர் சொன்னது சரிதான். உன் சீட்டைத் தேடி எடுத்தேன். இரண்டாம் தடவையும் உன் பெயரை நீக்கியது என் கைதான், மச்சான். அழுகையை அடக்க முடியவில்லை.

குலுக்கலில் சேலைக்கடையில் வேலை செய்கிற ஒரு பெண்ணின் பெயர் வந்தது. நான் பின்வரிசையில் போய் இருந்தேன். உன் சீட்டு என் சட்டைப்பையில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆளப்படுவது இவ்வளவு சுலபமா? உனக்குக் கீழே ஒரு வருடம் இருந்திருக்கலாமே.