காட்டுக்குள் முதுகு காட்டியவர்கள்

ரீஹிவாரா மரவெட்டு முகாம்
20 நவம்பர் 1933

பிரியமுள்ள லெம்பி அக்காவுக்கு,

நான் சுகம். என் கால்களும் சுகம். நீ முதலில் அதைத்தான் கேட்பாய்.

சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நகரத்து முதலாளிமாரின் விளையாட்டுச் சங்கத்திலிருந்து ஓர் ஆள் என்னைத் தேடி இந்தக் காட்டுக்கே வந்தார். அவர்களோடு சேர்ந்தால் தீயணைப்பு நிலையத்தில் வேலை, படுக்க உலர்ந்த இடம். ஜனவரியில் தேர்வுப் பந்தயம், பனிச்சறுக்கில் ஐம்பது கிலோமீட்டர். அதில் முதலாவதாக வருகிறவன் உலகப் போட்டிக்குப் போவான்.

நம் தொழிலாளர் சங்கத்துக்காரனை அவர்கள் அங்கே அனுப்பமாட்டார்கள். நம் பக்கத்தில் என்னை ஜெயிக்க ஆளில்லை. அவர்கள் பக்கத்தில் குர்க்கியை ஜெயிக்க ஆளில்லை. நாங்கள் இருவரும் ஒரே தடத்தில் ஓடியதே இல்லை. என்னால் எவ்வளவு வேகமாகப் போகமுடியும் என்று எனக்கே தெரியாது அக்கா. அது தெரியாமலேயே கிழவனாகிவிட எனக்கு மனமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போடப் போகிறேன். திட்டு. ஆனால் பதில் எழுது.

உன் தம்பி
ஏமெலி


கல்லியோகோஸ்கி
2 டிசம்பர் 1933

ஏமெலிக்கு,

திட்டச் சொன்னாய். திட்டுகிறேன்.

உள்நாட்டுப் போரில் செங்கொடிப் பக்கம் நின்றதற்காக அப்பாவைச் சிறைமுகாமில் போட்டுப் பட்டினியில் சாகவிட்டவர்கள் யார்? இப்போது ரோமக்கோட்டு மாட்டிக்கொண்டு உனக்குக் கைகொடுக்கிறவர்களின் கூட்டம்தான். செய்தி இங்கே வந்த அன்று நம் சங்கத்து மன்றத்தில் காபி ஆறிப்போனது, யாரும் குடிக்கவில்லை. பந்தயங்களில் நேரம் பார்க்கும் யல்மாரி மட்டும் வாய் திறந்தார்: "பறவைக்குக் கூடு எதுக்குடா? அது பறந்துட்டு எவன் கையிலயாவது உக்காந்துக்கும்."

போன மார்ச்சில் பந்தயத்தில் நீ உறைந்த ஏரியைக் கடந்து வந்ததை ஆலைப் பெண்கள் எல்லோரும் பார்த்தோம். சனி இரவு பன்னிரண்டு மணிநேரம் மரம் அறுத்துவிட்டு, காலையில் உடம்பெல்லாம் தூளோடு நின்றோம். ஒரு கறுப்புப் புள்ளி. அது மனிதன் என்று தெரிவதற்குள் எங்களைத் தாண்டிவிட்டது. பக்கத்தில் நின்ற ஸான்னி அழுதாள். "ஏண்டி அழுற?" என்றேன். "நம்மாளுடி" என்றாள். அவ்வளவுதான். ஆறு நாள் கூலிக்கு உழைத்த எங்களுக்கு ஏழாவது நாள் நீதான் இருந்தாய்.

அதைத்தான் கொண்டுபோய் விற்றிருக்கிறாய். இந்தப் பக்கம் வராதே.

லெம்பி


தீயணைப்பு நிலையம், ஓவ்லு
5 ஜனவரி 1934

பிரியமுள்ள அக்காவுக்கு,

இங்கே இறைச்சி தினமும் கிடைக்கிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, உடம்பு தேறிவிட்டது.

விருந்து ஒன்று நடந்தது. மர வியாபாரி ஒருவர் என் தொடையைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார், குதிரைச் சந்தையில் பார்ப்பார்களே, அப்படி. "நல்ல ஜாதி. எந்த லாயத்துல புடிச்சீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "உங்க ஆலை மரத்தை வெட்டுற லாயத்துலதான் ஐயா" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். கோபம் வந்தும் நான் எழுந்து போகவில்லை. நீயாக இருந்தால் தட்டைத் தூக்கி எறிந்திருப்பாய்.

தேர்வுப் பந்தயம் நம் ஆலைக்குப் பின்னால் உள்ள காட்டில்தான். ஒரு நிமிடத்துக்கு ஒருவராகப் புறப்படுகிறோம். குர்க்கி எனக்குச் சில நிமிடம் முன்னால் போவான், நான் அவனைப் பார்க்கவே மாட்டேன். முந்துகிறேனா, பின்தங்குகிறேனா என்று வழியில் நிற்கிறவர்கள் கத்திச் சொன்னால்தான் தெரியும். இந்தச் சங்கத்துப் பெரியவர்கள் புறப்படும் இடத்தில் நெருப்பு மூட்டிச் சாராயத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள். சதுப்புநிலத்துக்கு அப்பால் நிற்பவர்கள் எல்லோரும் நம் ஆட்கள்தான். அங்கே நான் குருடன்.

அவரவர் சங்கத்தானுக்குத்தான் நேரம் சொல்வது. அது எனக்குத் தெரியும். கேட்கக்கூடாதுதான், கேட்கிறேன்.

ஏமெலி


கல்லியோகோஸ்கி
30 ஜனவரி 1934

ஏமெலி,

உனக்கு நேரம் சொல்லக்கூடாது, நீ தாண்டும்போது எல்லோரும் முதுகைக் காட்டவேண்டும் என்று மன்றத்தில் முடிவெடுத்தோம். நானும் சம்மதித்துத்தான் போனேன்.

குர்க்கி கடந்து போனான். நல்ல ஓட்டக்காரன், மறுக்கமாட்டேன். யல்மாரிக்குப் பழக்கதோஷம், அவன் தாண்டியதும் கடிகாரத்தை அமுக்கிவிட்டார். "நமக்கெதுக்கு?" என்று நான் கேட்டதற்கு, "விரலுக்குச் சங்கம் தெரியாதும்மா" என்றார்.

பிறகு யாரோ "வர்றான்" என்றார்கள். எல்லோரும் திரும்பினோம். என் மூக்குக்கு நேரே ஓர் ஊசியிலை மரத்தின் பட்டை.

முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால்தான் முதல்முறையாக நீ ஓடுவதைக் கேட்டேன். மற்றவர்கள் போகும்போது சறுக்குக்கோல் குத்தும் சத்தம் ஓயாமல் வரும், மூச்சு இரையும். நீ வந்தபோது ஒரு குத்து. அப்புறம் ஒன்றுமில்லை. விழுந்துவிட்டாயோ என்று நினைத்தேன். அடுத்த குத்து என்னைத் தாண்டி விழுந்தது! இரண்டுக்கும் நடுவே அந்த நீளத்துக்கு நீ வெறுமனே போய்க்கொண்டிருந்தாய். பனி உன்னைத் தானே கொண்டுபோனது போல. அங்கே நாற்பது பேர். வெறுப்போடு நின்றவர்கள்தான். அந்தச் சத்தத்தின் முன்னால் வெறுப்பு ரொம்பச் சின்னதாக இருந்தது.

யல்மாரியின் கடிகாரத்தைப் பார்த்தேன், நீங்கள் புறப்பட்ட இடைவெளியைக் கழித்தேன். கத்திவிட்டேன், திரும்பாமலேயே: "இருபது செகண்டு பின்னால இருக்கடா!"

"எவனுக்குச் சொல்ற நீ?" என்று ஒருவன் பாய்ந்தான்.

"மரத்துக்கு."

"மரத்துக்கு எதுக்கு நேரம்?"

"பின்ன, நின்ன இடத்துலயே நிக்குதே பாவம்!"

யாரோ பொங்கிச் சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். நீ குர்க்கியை வென்ற செய்தி மாலையில் வந்தது. யாரும் கைதட்டவில்லை. யாரும் வீட்டுக்கும் போகவில்லை.

நேற்று மன்றம் கூடியது. இரண்டு வருடம் எனக்கு மன்றத்தில் இடமில்லை என்று தீர்மானம். "ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள்" என்றார்கள். நானும் தூக்கினேன். யல்மாரி என்னைப் பார்த்து, "உனக்கென்ன கிறுக்கா?" என்றார். அவர் மட்டும் தூக்கவில்லை.

தீர்ப்பு சரி. நீ செய்தது தப்புதான், இன்னும் சொல்கிறேன். நான் கத்தியதும் தப்புதான். நாளைக்கே நீ அந்த வளைவில் வந்தாலும் கத்துவேன்.

உலகப் போட்டிக்குப் போ. அங்கே தொடையை அமுக்கிப் பார்க்கிறவன் எவனும் உன் சத்தத்தைக் கேட்கப் போவதில்லை. திரும்பும் வழியில் இரவு ரயில் இங்கே நிற்கும். இறங்கு.

லெம்பி