குருவி அறை

பின்பக்கத்துக் குழாயடியில் தினை முளைத்திருக்கிறது. பரண்மேல் மிச்சமிருந்த அரை மூட்டையைக் கோடையில் அங்கேதான் கொண்டுபோய்க் கொட்டினேன். புழு பிடித்திருந்தது. மைனாக்கள் தின்றதுபோக மீந்தது, நீங்கள் போன பிறகு பெய்த முதல் மழையில் எழும்பி, இப்போது கதிர் வைத்துத் தலை சாய்ந்து நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரம்மா மதில்மேல் எட்டிப் பார்த்து, என்ன வெள்ளாமை போட்டிருக்கிறாய் என்று கேட்டார். நான் ஒன்றும் போடவில்லை என்றேன். பிடுங்கவும் இல்லை, தண்ணீர் விடவும் இல்லை. அதைப் பார்த்தால் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. குழாயை மூடிவிட்டு உள்ளே வந்து, உங்களோடு பேசுவதுபோல இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

குருவிகள் நம் வீட்டுக்கு வந்த சமயத்தில் நீங்கள் பேச்சை நிறுத்தியிருந்தீர்கள். பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்குமாக அத்தனை வருடம் பேருந்து ஓட்டியவருக்கு, செக்போஸ்டில் வண்டி நின்றிருந்தபோது வலிப்பு வந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முதலில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஹாரன் சத்தத்தை வைத்தே எந்த வண்டி, யார் ஓட்டுகிறார் என்று சொல்வீர்கள். பிறகு நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள். சோறு போட்டால் தின்பீர்கள். கேட்டால் தலையாட்டுவீர்கள்.

கோவையில் இருக்கும் நம் மகள் கவிதா, புது வீட்டுக்காரர் பறவை வளர்க்கக்கூடாது என்கிறார் என்று ஒரு கூண்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். உள்ளே இரண்டு பின்ச் குருவிகள். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, இரண்டுக்கும் சிவந்த மூக்கு. நான்தான் தினை போட்டேன். நீங்கள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஒரு நாள் நான் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அம்மிணி, இங்க வா. முட்டை வெச்சிருக்குது."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நீங்களாகக் கூப்பிட்ட கூப்பாடு அது. ஈரக்கையோடு ஓடி வந்தேன். கூண்டுக்குள் தொங்கிய மண் சட்டியில் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு வெள்ளை முட்டை. சில நாள் கழித்து போன் வெளிச்சத்தை ஒரு முட்டைக்குப் பின்னால் பிடித்துக் காட்டினீர்கள். உள்ளே சிவப்பு நூல்போல நரம்புகள், நடுவில் துடிக்கிற ஒரு புள்ளி. ஆணும் பெட்டையும் மாறி மாறி அடை காப்பதைப் பார்த்துவிட்டு, பொள்ளாச்சி ஸ்டாண்டில் டிரைவர் மாற்றுவதுபோல இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். உங்கள் சிரிப்பைப் பார்த்துத்தான் சிரித்தேன், குருவிக்காக இல்லை.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பக்கத்துச் சாமான் அறையைக் காலி செய்து கூண்டுகளை அடுக்கினீர்கள். சுவரெல்லாம் சட்டிகள், தேங்காய் நார், குருவிகள் கொத்தக் கணவாய் மீன் ஓடு. எந்த ஜோடி சேரும், எது முட்டையைத் தள்ளிவிடும் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படியானது. கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் சித்தூரிலிருந்தும் குருவி வாங்க ஆட்கள் தேடி வந்தார்கள். மலையாளப் பிள்ளைகள் உங்களைக் கிளிச்சேட்டன், கிளி அண்ணன், என்று கூப்பிட்டார்கள். டிரைவர் என்று யாரும் இனிக் கூப்பிடாத ஊரில் அந்தப் பேர் உங்களுக்குப் பிடித்திருந்தது.

நம் ஊர்க் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மலைக்கு நடுவே உள்ள கணவாய் வழியாக ஆடியில் வருகிற காற்று கூரை ஓட்டைக்கூடப் பெயர்க்கும். குஞ்சுகளுக்குக் காற்று ஆகாது என்று அறையின் ஜன்னல்களைச் சாக்கு வைத்து அடைத்து, கதவிடுக்கில் துணி திணித்தீர்கள். அந்த அடைத்த அறைக்குள் காலையிலும் சாயங்காலமும் உட்கார்ந்திருப்பீர்கள். நூற்றுக்கணக்கான சிறகுகள் அடித்துக்கொள்ளும். ஜன்னல் இடுக்கு வெயிலில் தூசி மினுங்கும். அழகாகத்தான் இருந்தது.

இருமல் வந்தபோது பனி என்றோம். மருந்துக்கடையில் மருந்து வாங்கினோம். குழாயடியிலிருந்து ஒரு குடம் தூக்கி வருவதற்குள் நீங்கள் இரண்டு இடத்தில் நிற்க ஆரம்பித்த பிறகுதான் கோவைக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், வேலை பற்றிக் கேட்டார், சிகரெட் பற்றிக் கேட்டார், கடைசியாக வீட்டில் புறா, கிளி, குருவி ஏதாவது வளர்க்கிறீர்களா என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றீர்கள்.

ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. டாக்டர் எழுதப் போனார். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"இருக்குதுங்க" என்றேன். "ஒரு ரூம் நெறயா இருக்குதுங்க."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு விளக்கமாகச் சொன்னார். இறகுத் தூசியும் எச்சத் தூசியும் சிலருடைய நுரையீரலுக்கு ஒத்துக்கொள்ளாது, உள்ளே தழும்பு விழுந்துவிடும், விழுந்த தழும்பு திரும்பப் போகாது, மேலும் விழாமல்தான் பார்க்க முடியும் என்றார். பறவைகள் போயாக வேண்டும் என்றார். திரும்பி வரும்போது நீங்கள் பேருந்தின் முன் இருக்கையில் உட்கார்ந்து, டிரைவரின் கால் அசைவதையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

கொஞ்ச நாள் ஒரு வழி செய்துகொண்டோம். நான் மூக்கைக் கட்டிக்கொண்டு தினை போட்டேன், தட்டுக் கழுவினேன். ஒரு ஜன்னலின் சாக்கை எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டோம். நீங்கள் வெளியே நின்று விரலால் காட்டுவீர்கள். அந்தக் கூண்டு, இல்லை, அதற்கு மேலே. நான் அசட்டுத்தனமாக வேறு கூண்டைத் தொடும்போது கண்ணாடியைத் தட்டுவீர்கள். ஆனால் நான் கடைக்குப் போகிற நேரத்தில் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று உங்கள் சட்டையில் ஒட்டியிருந்த இறகு காட்டிக் கொடுத்தது. அடுத்த ஸ்கேன் மோசமாக இருந்தது. கவிதா வந்து கத்தினாள். நீங்கள் டவுனில் தீவனக்கடை வைத்திருக்கும் ரஷீதுக்கு போன் போட்டீர்கள்.

ரஷீத் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிகளோடு வந்தார். அவர் பிடித்தால் குருவிகள் மிரளும் என்று, வாயையும் மூக்கையும் துண்டால் கட்டிக்கொண்டு நீங்களே உள்ளே போனீர்கள். நான் தடுக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கைக்குள் பொத்தி எடுத்துக் கொடுத்தீர்கள். எதையும் முத்தமிடவில்லை, எதோடும் பேசவில்லை. சரக்கு ஏற்றி விடுகிறவர்போலத்தான் செய்தீர்கள். ஒரு சட்டியில் மட்டும் பொரித்து இரண்டு மூன்று நாளே ஆன குஞ்சுகள் கிடந்தன. கூண்டை விட்டு எடுத்துப் பெட்டியில் போட்டால் தாய்க்குருவி இரை கொடுக்காமல் விட்டுவிடும்.

"இது பறக்கற வரைக்கும் மட்டும் இருக்கட்டும் அம்மிணி" என்றீர்கள்.

ரஷீத் என்னைப் பார்த்தார். நான் சரி என்றேன். அந்தக் கூண்டை அப்படியே எடுத்துப் பின்னால் மாட்டுக் கொட்டகையின் திறந்த தாழ்வாரத்தில் தொங்கவிட்டேன். அத்தனை நாளும் நீங்கள் அந்தப் பக்கம் வரவே இல்லை. குஞ்சுகள் சட்டியை விட்டு வெளியே வந்து குச்சியில் உட்கார்ந்த அன்று வந்து சொன்னேன். கொடுத்துவிடு என்றீர்கள்.

அறையை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினேன். ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். காற்று உள்ளே வந்து கதவை அடித்தது.

பிறகு கட்டில் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் வந்தது. அதன் சத்தம் ஓயாமல் வீட்டில் இருந்தது. மின்சாரம் போனால் சிலிண்டருக்கு மாற்றப் பழகிக்கொண்டேன். குருவி என்ற சொல்லையே நீங்கள் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ரஷீத் பார்க்க வரும்போதெல்லாம் கால் கை கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வருவார். வெயிலைப் பற்றியும் பேருந்து வழித்தடங்களைப் பற்றியும் பேசிவிட்டுப் போவார்.

நீங்கள் போன அன்று மெஷினை நான்தான் நிறுத்தினேன். வீடு அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வந்தவர்கள் அழுதார்கள். அவள் அழவில்லையே, அடக்கி வைக்கிறாள், உடம்புக்கு ஆகாது என்று பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. நான் எதையும் அடக்கவில்லை. மெஷினைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதற்குள் குழாயைக் கழுவி வைக்க வேண்டும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறேன். காலையில் எழுந்து டீ போடுகிறேன், ஒரு டம்ளர்தான் போடுகிறேன், மறந்து இரண்டு போடுவதெல்லாம் இல்லை. பாத்திரத்தை மட்டும் சத்தம் வராமல் வைக்கிறேன். அடை காக்கிற குருவி மிரண்டு எழுந்துவிடும் என்று நீங்கள் பழக்கியது. கவிதா வந்திருந்தபோது, ஏம்மா திருடி மாதிரி நடக்கறே என்றாள்.

போன மாதம் ரஷீத் வந்தார். அந்தக் கடைசிச் சட்டிக் குஞ்சுகள் வளர்ந்து, அவையும் குஞ்சு பொரித்துவிட்டனவாம். ஒரு ஜோடியைக் கொண்டுவந்து தரட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வேண்டாமுங்க. உங்க கிட்டயே நல்லா இருக்கட்டும்" என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. எனக்கு அவற்றின்மேல் கோபமில்லை. அவை வராமல் இருந்திருந்தால் அந்த நாற்காலியிலேயே நீங்கள் இன்னும் சீக்கிரம் முடிந்திருப்பீர்களோ என்னவோ. கணக்குப் போட்டுப் பார்க்க என்னால் முடியவில்லை. அதற்கும் ஏதாவது உணர்ச்சி வேண்டும்போல.

ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். நீங்கள் போவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, மத்தியானம், உங்களுக்குக் கஞ்சி கொடுத்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மூக்குக் குழாயோடு, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னீர்கள்.

"அன்னைக்கு டாக்டர்கிட்ட நீ சொல்லாம இருந்திருந்தா நான் எப்பவோ போயிருப்பேன். நீ சொன்னதால ஒன்றரை வருசம் கூட இருந்தேன்."

நான் உங்கள் தாடையில் வழிந்த கஞ்சியைத் துடைத்தேன்.

"அந்த ஒன்றரை வருசம் நான் என்ன பண்ணினேன், சொல்லு அம்மிணி."

நன்றி சொல்கிறீர்களா, என்மேல் குறை சொல்கிறீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"என்ற கூட இருந்தீங்க" என்றேன்.

நீங்கள் என்னையே பார்த்தீர்கள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். பிறகு, "ஆமா" என்றீர்கள்.

அந்த ஒரு சொல்லைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். எந்தக் குரலில் சொன்னீர்கள் என்று தினமும் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு நாள் ஒரு மாதிரி இருக்கிறது. மறுநாள் வேறு மாதிரி இருக்கிறது.