இடது பக்கத்து ஆள்

தலத்தெரு, காரைக்கால்
14-6-1981

அன்புள்ள மேரி அப்பாவுக்கு,

மஸ்கட்டில் இப்போது வெயில் கொளுத்துமாமே, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? இங்கே எல்லாரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

போன அடைமழையில் மேரி மூளைக்காய்ச்சலில் கிடந்து பிழைத்ததை எழுதியிருந்தேன். உடம்பு தேறிவிட்டது. ஆனால் படுத்த பிள்ளை வேறு, எழுந்த பிள்ளை வேறு. தட்டில் வலது பக்கத்துச் சோற்றை மட்டும் தின்றுவிட்டு, "இன்னும் பசிக்குதும்மா" என்கிறாள். தட்டைத் திருப்பி வைத்தால், "எப்பம்மா போட்டே?" என்று மீதியைத் தின்கிறாள். 'மாங்காய்' என்று எழுதியிருந்தால் 'காய்' என்று படிக்கிறாள். என்னை வரையச் சொன்னேன். ஒரு கண், ஒரு காது, பாதி வாய். "மீதி எங்கேடி?" என்றால், "முழுசாத்தானே இருக்கு" என்று சிரிக்கிறாள்.

நேற்று மத்தியானம் அவளுக்கு இடது பக்கமாக உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று "அம்மா எங்கே, அம்மா எங்கே" என்று அலறினாள். நான் ஒரு முழம் தள்ளித்தான் இருந்தேன்.

அந்தப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிறாராம். வெள்ளைச் சட்டையாம். பேசுவதில்லையாம், பார்த்துக்கொண்டே இருப்பாராம். இவள் திரும்பினால் அவரும் அந்தப் பக்கமே தள்ளிப் போய்விடுகிறாராம்.

மற்றப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள், இவளுக்குப் படிப்பும் ஏறவில்லை என்று பள்ளிக்கூடத்தில் நிறுத்திவிட்டார்கள். உங்கள் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "பேய்தான்" என்று சொல்லிப் போயிருக்கிறார். என்ன செய்யட்டும், எழுதுங்கள்.

உங்கள் சலோமி


மஸ்கட்
9-7-1981

அன்புள்ள சலோமிக்கு,

உன் கடிதமும் அண்ணன் கடிதமும் ஒரே நாளில் வந்தன. மரியசூசை அண்ணன் ஒரு கோயிலைச் சொல்கிறார். இந்த மாதிரிப் பிள்ளைகளைச் சங்கிலி போட்டு வைத்து மந்திரிப்பார்களாம், கெட்டது இறங்கும் வரை விடமாட்டார்களாம். சங்கிலி என்ற இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். ஆனால் வேறு வழி என்ன இருக்கிறது? அண்ணனோடு அனுப்பி வை.

உன் கடிதம் படித்ததிலிருந்து, வண்டி ஓட்டும்போது இடது பக்கக் கண்ணாடியைப் பார்க்கவே கூசுகிறது.

யாகப்பன்


தலத்தெரு
20-9-1981

அன்புள்ள மேரி அப்பாவுக்கு,

உங்கள் பேச்சை நான் மீறிவிட்டேன். மேரியை உங்கள் அண்ணனோடு அனுப்பவில்லை. காரைக்கால் ஆஸ்பத்திரி டாக்டர் பெரிய மூளை ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மாயவரத்தில் ரயிலேறி, பிள்ளையைப் பெங்களூருக்குக் கூட்டிப் போய் வந்தேன்.

அங்கே தமிழ் பேசும் ஓர் அம்மா, மூளை எப்படி வேலை செய்கிறது என்று சோதிக்கிறவர். ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. நாள் முழுக்க மேரியோடு விளையாடுகிற மாதிரிதான் இருந்தது. கட்டைகளை அடுக்கச் சொன்னார். கதை சொல்லித் திருப்பிக் கேட்டார், இவள் ஒன்றையும் விடவில்லை. மனக்கணக்கு டக் டக்கென்று போட்டாள். பிறகு தாள் நிறையச் சின்னச் சின்னக் கோடுகள் காட்டி, எல்லாவற்றையும் பென்சிலால் குறுக்கே அடிக்கச் சொன்னார். வலது பக்கத்தை மட்டும் அடித்துவிட்டு, "முடிஞ்சுது" என்று பென்சிலை வைத்துவிட்டாள்.

அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "உங்க பொண்ணு மக்கு இல்லே, ரொம்பக் கெட்டிக்காரி. காய்ச்சல்லே மூளையோட வலது பின்பக்கம் அடிபட்டிருக்கு. கண்ணு நல்லா இருக்கு. ஆனா இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே அவளுக்குத் தெரியலே."

"அப்ப அந்த ஆளு?" என்று கேட்டேன்.

"பார்வை வராத இடத்திலே மூளை தானாவே படம் போட்டுக்கும். அவ பொய் சொல்லலே. பேயும் இல்லே."

மேரியை மடியில் வைத்துக்கொண்டு, "அவர் நிஜமில்லே கண்ணு. வந்தா அதைச் சொல்லிட்டு உன் வேலையைப் பாரு" என்றார். முழுக்கச் சரியாகிவிடுமா என்றதற்கு, அப்படி வாக்குக் கொடுக்கமாட்டேன், ஆனால் பழக்கிப் பழக்கித் தலையைத் திருப்பத் தெரிந்துகொள்வாள் என்றார். பள்ளிக்கூடத்துக்கு எல்லாம் விவரமாக எழுதித் தந்திருக்கிறார்.

கோபப்பட்டாவது எழுதுங்கள்.

சலோமி


தலத்தெரு
3-12-1981

அன்புள்ள மேரி அப்பாவுக்கு,

உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. கிறிஸ்துமஸ் பெருநாளுக்காவது எழுதுவீர்களா?

ஞானசௌந்தரி டீச்சர் பெங்களூர் அம்மா எழுதியதைப் படித்துவிட்டு, தானே வீட்டுக்கு வந்து மேரியைக் கூட்டிப் போனார். வகுப்பில் இடது ஓரத்துக் கடைசி இடம் அவளுக்கு. கரும்பலகை, பிள்ளைகள் எல்லாம் வலது பக்கம் வந்துவிடுகிறதல்லவா! புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறோம். "சிவப்பைக் கண்டுபிடி, அப்புறம் படி" என்கிறார் டீச்சர். இப்போது மாங்காய் மாங்காயாகவே இருக்கிறது.

அந்த ஆள் இன்னமும் வருகிறார். மேரி பயப்படுவதில்லை. "நீங்க நிஜமில்லே" என்று சொல்லிவிட்டு வாசிக்கிறாள். எனக்குத்தான், அவள் யாருமில்லாத இடத்தைப் பார்த்து மரியாதையாகப் பேசும்போது, மயிர்க்கால் எல்லாம் நட்டுக்கொள்கிறது.

சலோமி


கோட்டுச்சேரி
11-1-1982

சலோமி,

நான் மஸ்கட்டிலிருந்து எழுதவில்லை. அண்ணன் வீட்டில் இருக்கிறேன்.

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. நம்ப முடியவில்லை. பிள்ளையைக் கோயிலில் விட்டே தீருவது என்றுதான் விடுப்பு எடுத்து வந்தேன். அண்ணன் கார் பேசி வைத்திருந்தார். அதற்கு முன்னால் தனியாகப் போய்ப் பார்ப்போம் என்று நேற்றுச் சாயங்காலம் நம் வீட்டுக்கு வந்தேன். நீ தண்ணீருக்குப் போயிருந்தாய் போலிருக்கிறது.

மேரி கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு வளர்ந்துவிட்டாள்! வாசற்படியில் நின்றேன். அது அவளுக்கு இடது பக்கம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கூப்பிட வாயெடுத்தேன். அவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "நீங்க நிஜமில்லே. டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த வரியை ஓர் எழுத்து விடாமல் படித்தாள்.

நான் என் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டேன், சலோமி. அங்கே நான் நிற்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்படியே திரும்பி நடந்தேன்.

கார் வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். ஆனால் மறுபடி அந்த வாசலுக்கு வரப் பயமாக இருக்கிறது. நீ சொல், நான் என்ன செய்ய?

யாகப்பன்


தலத்தெரு
12-1-1982

அன்புள்ள மேரி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்த தங்கையனையே காத்திருக்கச் சொல்லி இதை எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் விட்டு அவள் வந்ததும் வாருங்கள். கொல்லை வழியாக வந்தால் அவளுக்கு வலது பக்கமாக இருக்கும். முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பிறகு கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

வாசலில் யாரோ நிஜமாகவே வந்து நின்றது உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும், அது நீங்கள் என்றுதான் தெரியாது. அன்று நான் குடத்தை இறக்கி வைக்கும்போதே மேரி சொன்னாள்: "அம்மா, இன்னைக்கு அந்த ஆளு மூச்சு விட்டாரும்மா. சத்தம் கேட்டுச்சு."

ஓடிப் போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன். "பயந்துட்டியாடி?" என்று கேட்டேன்.

"இல்லேம்மா. பாவமா இருந்துச்சு" என்றாள்.

வாங்க.

சலோமி