டனிலோவுக்கு ஒரு பூசை

கொன்சுவேலோ
மே 4, 1998

அல்தகிராசியா மாதாவின் காவலில் இருக்கும் மகன் வில்கினுக்கு அம்மா எழுதுவது.

உறையின் மேல் டனிலோ என்றுதான் எழுதியிருக்கிறேன், பயப்படாதே. நீ அனுப்பியதில் கூரைத் தகரம் மாற்றியாயிற்று. மிச்சம் பத்திரமாக இருக்கிறது.

அடுத்த மாதம் உன் தம்பி டனிலோவின் நினைவு நாள். இருபது வயதுக்காரனை எந்த பேஸ்பால் கிளப்பும் எடுக்காது, பதினேழு என்றால் எடுப்பார்கள் என்று உன்னைப் பழக்கிய எவாரிஸ்தோ சொன்னதும், காய்ச்சலில் போன பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவன் பெயரைச் சொல்லி ஒரு பூசை இல்லை. பேப்பரில் உன் படம், கீழே அவன் பெயர். எனக்கு அழுகைதான் வருகிறது. இந்த வருஷமாவது பூசையில் அவன் பெயரை வாசிக்கச் சொல்லட்டுமா?

அம்மா எவுசேபியா


டென்னசி
மே 20

அன்புள்ள அம்மா,

இப்போது வேண்டாம். மேல் அணிக்கு என்னை எடுக்கப் போவதாக கோச் சொல்கிறார். அதற்கு முன் வயதை விசாரிக்க கிளப் ஆள் நம்மூருக்கு வருகிறார். கோயிலில் டனிலோ பெயர் கேட்டால் என் ஆட்டம் அன்றோடு சரி. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பந்தெறியும் என் கைக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன்


கொன்சுவேலோ
ஜூன் 15

மகனே,

அந்த ஆள் வந்தார். அக்கம்பக்கத்தில் எல்லாரையும் கேட்டார். பக்கத்து வீட்டு நிகோலாசா, "வயசு கேக்கணும்னா என்னைக் கேளுங்கய்யா, நான் இருபத்தஞ்சோட நிறுத்திட்டேன்" என்று காபி கொடுத்து அனுப்பினாள். என்னிடம், "செத்துப் போன பிள்ளை யாரும்மா?" என்றார்.

"மூத்தவன். வில்கின்" என்றேன்.

இந்த வாரம் நினைவு நாள் என்று தெரிந்து, பூசைக்குத் தானும் வருவதாகச் சொல்லிவிட்டார். என்ன செய்வேன்? புதிதாக வந்த சாமியாருக்கு நம் பிள்ளைகளைத் தெரியாது. உன் பெயரையே கொடுத்தேன். ஊரே தலை குனிந்து உன் ஆன்மாவுக்காக ஜெபித்தது. ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. உயிரோடிருக்கும் பிள்ளைக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கை எப்படி இருக்கிறது? உடனே எழுது.

அம்மா


டென்னசி
ஜூலை 2

அன்புள்ள அம்மா,

கை போய்விட்டது. பந்தை விடும்போதே வலது முழங்கையில் ஏதோ அறுந்தது. கிளப் கணக்கைத் தீர்த்து அனுப்புகிறது.

பூசையால் இல்லை, அம்மா. போன வருஷத்திலிருந்தே வலி, சொல்லாமல் எறிந்தேன். இளங்கை, தாங்கும் என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். நான் மைதானத்தை விட்டு நடந்தபோது ஜனங்கள் எழுந்து நின்று, "டனிலோ, டனிலோ" என்று கைதட்டினார்கள்.

நான் வந்து சேரும் ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குப் பூசை வையுங்கள். சாமியார் அவன் பெயரை வாசிக்கும்போது நான் எழுந்துவிடுவேன், அப்படிப் பழகிவிட்டது. என் கையைப் பிடித்து உட்கார வையுங்கள். இடது கையை.

உங்கள் மகன்